பன்னிரண்டாவது மாதத்தின் கணக்கு

மே மாதம் வந்தால் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. கௌரவ விரிவுரையாளர் வீட்டில் சம்பளத்துக்கும் விடுமுறை. தமிழ்நாட்டின் அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் பாடம் நடத்தும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு மதிப்பூதியம் ஆண்டுக்கு 11 மாதங்களுக்குத்தான். ஜூனில் மறுபடி அழைப்பு வரும்; வராமலும் போகலாம். இடையில் வரும் அந்த ஒரு மாதத்தை எப்படி ஓட்டுகிறீர்கள் என்று கேட்டால் ஒருவர் டியூஷன் என்பார், ஒருவர் மாமனார் வீடு என்பார், ஒருவர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்.

மதிப்பூதியத்தை உயர்த்த வேண்டும் என்ற கோரிக்கையைப் பலரும் பலமுறை எழுதிவிட்டார்கள். 15,000 ரூபாய் 20,000 ஆனது, பிறகு 25,000 ஆனது. பல்கலைக்கழக மானியக் குழு 2019 ஜனவரியில் நிர்ணயித்ததோ ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000. அந்தப் போராட்டம் தொடரட்டும். நான் பேச வந்தது சம்பளத்தின் வாலைப் பற்றி: ஒருவருக்குச் சம்பளம் போடும்போது அதன் கூடவே நிறுவனம் தன் பங்காகக் கட்ட வேண்டிய வருங்கால வைப்பு நிதி (பிஎஃப்), தொழிலாளர் மாநிலக் காப்பீடு (ஈஎஸ்ஐ), பணிக்கொடை ஆகியவை. சம்பளம் உயர்ந்தால் மறுநாள் பத்திரிகையில் வரும். இந்த வால் இருக்கிறதா இல்லையா என்பது, வீட்டில் யாராவது படுத்த படுக்கையானால்தான் தெரியவரும்.

கல்லூரி வாசலிலேயே ஒரு வேடிக்கை உண்டு. கேட்டில் நிற்கும் காவலாளிக்கு ஒப்பந்ததாரர் மூலமாக பிஎஃப் கணக்கு இருக்கும், ஈஎஸ்ஐ அட்டை இருக்கும். பணம் கட்டிய சலானைக் காட்டினால்தான் ஒப்பந்ததாரரின் பில் பாஸாகும் என்பதால் அது ஓரளவு ஒழுங்காகவே நடக்கும். அதே கேட்டைத் தாண்டி உள்ளே போய்த் தொல்காப்பியமோ நுண்கணிதமோ நடத்துகிற முனைவருக்குப் பெரும்பாலும் இரண்டும் இருக்காது. காவலாளிக்குக் கிடைப்பதைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அவருக்குக் கிடைப்பது சலுகையே அல்ல, சட்டம் கொடுத்தது. அந்தச் சட்டம் கேட்டிலிருந்து வகுப்பறைக்குப் போகும் வழியில் எங்கே தொலைந்தது என்பதுதான் கேள்வி.

தொகைகளைப் பார்த்துவிடுவோம். வருங்கால வைப்பு நிதிக்குப் பணியாளர் பங்கு 12 விழுக்காடு, நிறுவனத்தின் பங்கு 12 விழுக்காடு. நிறுவனப் பங்கில் 8.33 விழுக்காடு ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது, மீதி 3.67 வைப்பு நிதியில் சேர்கிறது. இதற்கு மேல் இறப்புக் காப்பீட்டுக்கு அரை விழுக்காடு, நிர்வாகக் கட்டணம் அரை விழுக்காடு. ஆக, நிறுவனத்தின் கையிலிருந்து போவது 13. ஈஎஸ்ஐக்கு 2019 ஜூலை முதல் நிறுவனப் பங்கு 3.25, பணியாளர் பங்கு 0.75. அதற்கு முன் இது 4.75, 1.75 என்று இருந்தது. இரண்டும் சேர்ந்து ஆறரையிலிருந்து நான்காகக் குறைந்தன. சுமை குறைந்தால் நிறுவனங்கள் இன்னும் பலரைப் பதிவு செய்யும் என்பது அப்போது சொல்லப்பட்ட நம்பிக்கை. வகுப்பறைக்குள் அந்த நம்பிக்கை அதிகம் எட்டிப்பார்க்கவில்லை.

மாதம் 15,000 ரூபாய் வாங்கும் ஒருவருக்கு நிறுவனம் கூடுதலாகக் கட்ட வேண்டியது பிஎஃப் வகையில் 1,950, ஈஎஸ்ஐ வகையில் 488. இந்த 1,950க்குள் 75 ரூபாய் என்று ஒரு சின்னத் தொகை ஒளிந்திருக்கிறது. அதுதான் இறப்புக் காப்பீட்டுக்கான அரை விழுக்காடு. பணியாளர் இதற்குத் தன் பங்காக ஒரு பைசாவும் கட்ட வேண்டாம். பணியில் இருக்கும்போது அவர் இறந்துவிட்டால் குடும்பத்துக்கு ஏழு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். மாதம் 75 ரூபாய் இன்றைக்கு இரண்டு சாப்பாட்டு டோக்கனுக்குக் காணாது. கொரோனா இரண்டாம் அலையில் இறந்துபோன பகுதிநேர ஆசிரியர்களின் வீடுகளில் இந்த 75 ரூபாய் கட்டப்படாமல் இருந்ததன் பொருள் என்ன என்று அந்த வீட்டுப் பெண்களைக் கேட்டால்தான் தெரியும்.

சட்டத்தில் பகுதிநேரப் பணியாளருக்கு விலக்கு என்று எதுவும் இல்லை. 1952ஆம் ஆண்டின் வைப்பு நிதிச் சட்டம், நிறுவனத்தின் வேலையைச் செய்து கூலி வாங்கும் எவரையும் பணியாளர் என்றே சொல்கிறது. நாளில் எத்தனை மணி நேரம் என்று அது கேட்பதில்லை. ஓட்டை இருப்பது வேறு இடத்தில், வரம்புகளில். புதிதாகச் சேரும் ஒருவருக்கு ஏற்கெனவே பிஎஃப் கணக்கு இல்லாமல் இருந்து, தொடக்க ஊதியம் 15,000 ரூபாயைத் தாண்டினால் அவரைச் சேர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. 2014 செப்டம்பரில் 6,500இலிருந்து 15,000 ஆன இந்த வரம்பு பத்தாண்டுகளுக்கு மேல் அசையவில்லை. அன்றைக்குக் கௌரவ விரிவுரையாளர் வாங்கியது வரம்புக்குக் கீழே. பிறகு மதிப்பூதியம் ஏறியது, வரம்பு அங்கேயே நின்றது. சம்பளம் உயர்ந்ததாலேயே பாதுகாப்பு வளையத்துக்கு வெளியே போனவர்கள் இவர்கள்.

ஈஎஸ்ஐயிலும் இதே கதைதான். அதன் வரம்பு 2017 ஜனவரியிலிருந்து 21,000. தனியார் கல்லூரி ஒன்றில் 20,500 வாங்குபவர் குடும்பத்தோடு ஈஎஸ்ஐ மருத்துவமனைக்குப் போகலாம், பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு எடுக்கலாம். ஆயிரம் ரூபாய் உயர்வு கிடைத்தால், நடப்பு ஆறு மாதப் பங்களிப்புக் காலமும் அதற்குரிய பலன் காலமும் முடிந்ததும் எல்லாம் நின்றுவிடும். மாதம் ஆயிரம் ரூபாய்க்கு ஒரு குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுத்துப் பாருங்கள். வயதான பெற்றோரையும் சேர்த்து எடுக்க முயன்றால் காப்பீட்டு முகவர் முதலில் உங்கள் முகத்தைப் பார்ப்பார், பிறகு பேனாவை மூடுவார். உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்களை நான் அறிவேன். இப்படி ஒரு படிக்கட்டை வைத்தவர்கள் அதில் ஒருநாளும் ஏறியிருக்க மாட்டார்கள்.

மூன்றாவது வரம்பு அந்த 11 மாதம். ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் வேண்டுமென்றால் பத்தாண்டுப் பணிக்காலம் வேண்டும். கிடைக்கும் தொகையும் பெரிதல்ல: 15,000 வரம்பில் பத்தாண்டு பங்களித்தவருக்குச் சூத்திரப்படி மாதம் 2,140 ரூபாய் சொச்சம். ஆனால் பத்துக் கல்வியாண்டு, ஆண்டுக்கு 11 மாதம் வீதம் பாடம் நடத்தியவரின் கணக்கில் இருப்பது 110 மாதம், அதாவது ஒன்பது ஆண்டும் இரண்டு மாதமும். ஆறு மாதத்துக்குக் குறைந்த துண்டு கணக்கில் சேராது. பத்து மே மாதங்கள் சேர்ந்து ஒரு மனிதரின் ஓய்வூதியத்தைத் தின்றுவிடுகின்றன. பணிக்கொடைக்கும் தொடர்ச்சியான பணிக்காலம் முக்கியம். ஆண்டுதோறும் ஒப்பந்தத்தை அறுத்துக் கட்டுவதன் பலன் யாருக்கு என்பதை விளக்க வேண்டியதில்லை. அறுப்பவர் எல்லாருமே கெட்ட எண்ணத்தோடு அறுக்கிறார்கள் என்றும் சொல்ல மாட்டேன். பல அலுவலகங்களில் அது முன்பு யாரோ எழுதிய கோப்பின் நகல், ஆண்டை மட்டும் மாற்றிக் கையெழுத்தாகிறது.

‘மதிப்பூதியம்’ என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். வங்கி மேலாளர் ஒருவர் வாரத்தில் ஒருநாள் மாலை வந்து வணிகவியல் மாணவர்களுக்கு இரண்டு மணி நேரம் அனுபவத்தைச் சொல்கிறார், போகும்போது உறையில் ஒரு தொகை கொடுக்கிறோம். அது மதிப்பூதியம். அவருடைய பிஎஃப் அவருடைய வங்கியில் இருக்கிறது. வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பு, அகமதிப்பீடு, விடைத்தாள், தேர்வு மேற்பார்வை, நாட்டு நலப்பணித் திட்ட முகாம், தர மதிப்பீட்டுக்கு நாக் குழு வரும்போது கோப்பு அடுக்குவது என்று எல்லாவற்றையும் செய்கிற ஒருவருக்கு மாதாமாதம் கொடுப்பது ஊதியம். பெயரை மாற்றினால் பங்களிப்பிலிருந்து தப்பலாம் என்ற யோசனையை நீதிமன்றங்கள் பலமுறை தட்டிவிட்டன. 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த விவேகானந்தா வித்யாமந்திர் வழக்கு ஒரு பள்ளியைப் பற்றியதுதான். எல்லாருக்கும் பொதுவாகத் தருகிற தொகையைப் படி என்று பெயரிட்டு வைப்பு நிதிக் கணக்கிலிருந்து விலக்க முடியாது என்றது அது. ஒப்பந்தப் பணியாளரும் வைப்பு நிதிக்கு உரியவரே என்று 2020இல் பவன் ஹன்ஸ் வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது. 2025 ஆகஸ்டில், குஜராத் அரசுப் பொறியியல் கல்லூரிகளில் மாதம் 30,000 ரூபாய்க்கு வேலை செய்த ஒப்பந்த உதவிப் பேராசிரியர்களுக்கு, நிரந்தர ஆசிரியரின் ஊதிய விகிதத்தில் குறைந்தபட்சத்தையாவது கொடுக்க வேண்டும் என்று ஆணையிட்டது. மேடையில் குருவைப் போற்றினால் மட்டும் போதாது என்ற பொருள்பட அந்த அமர்வு சொன்னதைப் பட்டமளிப்பு விழா நடத்துகிற எல்லாரும் படிக்கலாம்.

ஆனால் ஒவ்வொருவரும் வழக்குப் போட்டு வாங்க வேண்டும் என்பது ஒரு சமூகத்தை நடத்துகிற முறையாகாது. அடுத்த ஜூனில் அழைப்பு வருமா என்று காத்திருப்பவர் எந்தத் துணிவில் வக்கீலைப் பார்ப்பார்? ஆகவே இதை நிர்வாகத்தின் அன்றாடக் கணக்குக்குள் கொண்டுவரும் வழியைத் தேட வேண்டியிருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அப்படி ஒரு பழக்கம் உண்டு. அங்கே ஒவ்வொரு பணியாளரின் காப்பீடு, ஓய்வூதியம், வரி ஆகியவற்றைத் தனித்தனியாகத் துறைகளின் தலையில் கட்டுவதில்லை. பேராசிரியர், அலுவலர், பகுதிநேரத்தவர், மாணவப் பணியாளர் என்று வகை பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் ஆண்டுக்கு ஒரு விகிதத்தை அறிவிக்கிறார்கள். ஒரு துறை பகுதிநேர ஆசிரியருக்கு நூறு டாலர் சம்பளம் போட்டால், அந்த விகிதப்படியான தொகையும் துறையின் கணக்கிலிருந்து தானாகவே பொது நிதிக்குப் போய்விடும். ஆராய்ச்சி மானியம் தருகிற ஒன்றிய அரசோடு பேசித்தான் இந்த விகிதங்களை முடிவு செய்கிறார்கள். ஓராண்டில் அதிகமாகவோ குறைவாகவோ வசூலாகிவிட்டால் பின்வரும் ஆண்டுகளின் விகிதத்தில் சரிசெய்துகொள்கிறார்கள்.

அங்கே எல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. முழுநேரத்தவருக்கு அந்த விகிதம் நூற்றுக்கு முப்பதைத் தொடுவது சாதாரணம். பகுதிநேரத்தவருக்குப் பெரும்பாலும் பத்தைச் சுற்றித்தான், ஏனென்றால் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் ஆகியவற்றுக்கான 7.65 விழுக்காட்டைத் தாண்டி அவர்களுக்கு அதிகம் கொடுப்பதில்லை. வாரம் 30 மணி நேரம் வேலை செய்பவருக்கு மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்று ஒபாமா காலத்துச் சட்டம் வந்தபோது, பகுதிநேர ஆசிரியர்களின் வகுப்புகளைக் குறைத்து 30க்குக் கீழே வைத்துக்கொண்ட கல்லூரிகள் உண்டு. பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த ஒரு சமுதாயக் கல்லூரி 2012லேயே அதை அறிவித்தது. நம் ஊர் 11 மாதத்துக்கு அது தூரத்து உறவு. அதற்குப் பிறகு நடந்தவைதான் நமக்குப் பாடம். ஒரு மணி நேர வகுப்பு என்பதை ஒரு மணி நேர வேலை என்று மட்டும் எண்ணாமல், தயாரிப்பும் திருத்தமும் சேர்த்து இரண்டேகால் மணி நேரம் என்று கணக்கிடலாம் என அந்நாட்டு வருவாய்த் துறை 2014இல் விதி வகுத்தது. பேராசிரியரின் வேலை கரும்பலகையோடு முடிவதில்லை என்பதை ஒரு வரித் துறை ஒப்புக்கொண்டது எனக்கு இன்னும் வியப்பு. கலிஃபோர்னியா மாநிலமோ சமுதாயக் கல்லூரிகளின் பகுதிநேர ஆசிரியர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் டாலருக்கும் குறைவாக ஒதுக்கிக்கொண்டிருந்ததை 2022இல் 20 கோடி டாலராக உயர்த்தியது. இரண்டு மூன்று கல்லூரிகளில் துண்டு துண்டாக வேலை செய்பவரின் மணிகளைக் கூட்டிப் பார்த்து, மொத்தம் ஒரு முழுநேரப் பணியின் 40 விழுக்காடு வந்தாலே அவரும் உரியவர் என்றது.

நான் முன்வைப்பது இதன் தமிழ்நாட்டு வடிவம். வகுப்பு எடுக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும், அதை எடுப்பவர் நிரந்தரமா, கௌரவமா, மணிக்கணக்கா என்று பாராமல், ஒரே விகிதத்தில் ஒரு பங்கு பொது நிதிக்குப் போகட்டும். பிஎஃப் 13, ஈஎஸ்ஐ 3.25, பணிக்கொடைக்காக ஒதுக்க வேண்டியது ஆண்டுக்கு 15 நாள் சம்பளக் கணக்கில் 4.81. கூட்டினால் நூற்றுக்கு 21 ரூபாய். ஈஎஸ்ஐ வரம்பைத் தாண்டியவருக்கு அந்த மூன்றேகால் ரூபாயை ஒரு குழு மருத்துவக் காப்பீட்டுக்குத் திருப்பலாம். விகிதம் மணி நேரத்தோடு ஒட்டியிருந்தால், பாதுகாப்பு இல்லாத ஆளை வைத்தால் மிச்சம் என்ற ஆசை எந்தத் துறைத் தலைவருக்கும் எந்த நிர்வாகத்துக்கும் வராது. மிச்சம்பிடிக்க அங்கே எதுவும் இருக்காது.

பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. முதலில் அரசு. ஏழாயிரம் விரிவுரையாளர்கள் என்று வைத்துக்கொண்டு, 15,000 ரூபாய் வரம்பில் பிஎஃப் நிறுவனப் பங்காக ஆளுக்கு 1,950 வீதம் பன்னிரண்டு மாதமும் கட்டினால் ஆண்டுக்குப் பதினாறு கோடியே நாற்பது லட்சத்துக்குள் முடிந்துவிடும். உயர்கல்வித் துறைக்கு 2025-26 நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கியது 8,494 கோடி. நூறு ரூபாயில் இருபது பைசா. வழக்குகளை எதிர்கொள்ளவும், பல ஆண்டு நிலுவையை வட்டியோடு கொடுக்கவும் பின்னால் ஆகிற செலவை எண்ணினால் இந்த இருபது பைசா மலிவு. அரசு தன் கல்லூரிகளில் இதைச் செய்யாமல் தனியார் கல்லூரிக்கு ஆய்வாளரை அனுப்பினால், அங்கிருப்பவர்கள் ‘முதலில் உங்கள் வீட்டைப் பாருங்கள்’ என்று சொல்வார்கள். சொல்லிக்கொண்டும் இருக்கிறார்கள்.

பல்கலைக்கழகங்களின் நிலை வேறு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2024இல் வருமான வரித் துறை முடக்கியதையும், மதுரை காமராசர் பல்கலைக்கழகம் மாதச் சம்பளத்துக்கே தவித்ததையும் பார்த்தோம். நிரந்தர ஆசிரியருக்கே முதல் தேதி நிச்சயமில்லாத இடத்தில் பகுதிநேரத்தவரின் பங்களிப்பைப் பற்றிப் பேசுவது பசியில் கிடப்பவனிடம் விருந்துப் பட்டியல் கேட்பது போலத் தோன்றலாம். ஆனாலும் அங்கே செய்ய முடிந்த ஒன்று இருக்கிறது: ஆராய்ச்சித் திட்டங்களுக்கும் தொலைநிலைக் கல்விக்கும் சுயநிதிப் படிப்புகளுக்கும் வரவுசெலவு போடும்போதே இந்த 21 விழுக்காட்டைச் செலவுப் பத்தியில் சேர்ப்பது. திட்ட உதவியாளருக்கு இவ்வளவு ஊதியம் என்று மானியம் தரும் அமைப்பிடம் கேட்கிறவர்கள் அதன் வாலையும் சேர்த்துக் கேட்கட்டும். கேட்காமல் விட்டுவிட்டுப் பிறகு நிதி இல்லை என்பது நம் வழக்கமாகிவிட்டது.

சுயநிதிக் கல்லூரி நிர்வாகங்களில் நேர்மையாகக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இன்றைய நிலை அநியாயம், ஏனென்றால் பக்கத்துக் கல்லூரி கட்டாமலேயே குறைந்த கட்டணம் காட்டி மாணவரை இழுத்துவிடுகிறது. வங்கியில் முழுச் சம்பளத்தைப் போட்டுவிட்டுப் பாதியை ரொக்கமாகத் திருப்பிக் கேட்பது, பன்னிரண்டும் பன்னிரண்டும் இருபத்துநான்கு என்று இரு பங்கையும் ஆசிரியர் தலையிலேயே கட்டுவது ஆகிய வித்தைகள் ஊரறிந்தவை. நிறுவனப் பங்கைப் பணியாளரின் ஊதியத்தில் பிடிப்பதைச் சட்டம் தெளிவாகத் தடுத்திருக்கிறது. இணைப்பு வழங்கும் பல்கலைக்கழகம் ஆண்டாய்வுக்கு வரும்போது ஆய்வகத்தில் நுண்ணோக்கிகளை எண்ணுகிறது, நூலகத்தில் புத்தகங்களை எண்ணுகிறது. கடந்த பன்னிரண்டு மாதச் சலானையும் ஆசிரியர் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அரை மணி நேரம் போதும்.

நிரந்தர ஆசிரியர் சங்கங்களிடம் பேசக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. அவர்களுக்கும் காயம் உண்டு. 2003 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியத்தை இழந்து அதற்காகத் தெருவில் நின்றவர்கள். ஆனால் ஓய்வறையில் நாற்காலி போடுவதிலிருந்து தேர்வுப் பணி ஒதுக்குவது வரை கௌரவ விரிவுரையாளர் கடைசி வரிசையில் நிற்பதை அன்றாடம் பார்க்கிறவர்களும் அவர்களே. ஓய்வூதியத்தின் அருமையை அதை இழந்தவரைவிட யார் நன்றாகச் சொல்ல முடியும்? அவர்களுடைய கோரிக்கைப் பட்டியலில் இது பதினான்காவது கோரிக்கையாக இல்லாமல் மூன்றாவதாக வந்தால் பேச்சுவார்த்தை மேசையின் வெப்பநிலையே மாறும். இதில் அவர்களுடைய சொந்த நலனும் இருக்கிறது. ஒப்பந்த நியமனங்கள் மொத்த ஆசிரியப் பணியிடங்களில் பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று மானியக் குழுவின் 2018 விதிமுறை சொன்னது. 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவில் அந்த வரியைக் காணவில்லை. மலிவான ஆசிரியர் கிடைக்கும் வரை நிரந்தரப் பணியிடத்தை நிரப்ப யாருக்கும் அவசரம் இருக்காது.

பகுதிநேரத்தவரும் ஒரு பங்கு ஏற்க வேண்டியிருக்கிறது. அதைச் சொல்வது கசப்பான வேலை. 25,000 வாங்குபவர், பிடித்தம் என்றதும் கையில் வருவது 23,200 ஆகிவிடுமே என்று பதறுகிறார். வாடகை, பால், வண்டித் தவணை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் என்று எண்ணும் விரல்களுக்கு 1,800 ரூபாய் பெரிய தொகை. ஆகவே ‘எனக்கு பிஎஃப் வேண்டாம், கையில் கொடுங்கள்’ என்று அவரே எழுதிக் கொடுக்கிறார், நிர்வாகம் நிம்மதியாகக் கோப்பில் வைத்துக்கொள்கிறது. ஒப்பந்தம் முடிந்ததும் சேர்ந்திருந்ததை மொத்தமாக எடுத்துவிடுகிறவர்களும் உண்டு. அதோடு அதுவரை சேர்ந்த ஓய்வூதியப் பணிக்காலமும் கரைந்துவிடுகிறது. யூஏஎன் எனும் ஒரே பிஎஃப் அடையாள எண்ணைக் கல்லூரி மாறும்போதெல்லாம் கொண்டுபோனால் மூன்று கல்லூரியில் செய்த வேலையும் ஒரே கணக்கில் நிற்கும் என்பதை யாராவது அவர்களுக்கு உட்கார்ந்து சொல்லியிருக்கிறோமா? ஜூன் மாதத்தில் சங்கமோ முதல்வர் அலுவலகமோ அரை நாள் ஒதுக்கினால் போதும். புள்ளிவிவரம் வேண்டாம், ஒரு செல்பேசியும் பொறுமையும் வேண்டும்.

பெற்றோரையும் விட்டுவிட முடியாது. கட்டணம் ஐந்நூறு ரூபாய் உயர்ந்தால் முற்றுகையிடுகிற நாம், அந்தக் கட்டணத்தில் ஆசிரியருக்கு என்ன போகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. கட்டண ரசீதில் ஒரு வரி வரட்டும்: ஆசிரியர் சமூகப் பாதுகாப்பு, இவ்வளவு. அந்த வரிக்கு நான் முணுமுணுக்காமல் கொடுப்பேன். என் மகளுக்குப் பாடம் நடத்துகிறவர் காய்ச்சலோடு வகுப்புக்கு வராமல் இருக்க அது உதவுமென்றால் இன்னும் கொஞ்சம் கூடக் கொடுப்பேன்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அவற்றில் பல ஏற்பாடுகளைத் தொழிற்சங்கங்கள் எதிர்க்கின்றன, எதிர்ப்பதற்குக் காரணமும் உண்டு. ஆனால் இரண்டு இடங்கள் நமக்குப் பயன்படும். படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால் மிகுதியை ஊதியமாகவே கணக்கிட வேண்டும் என்கிறது ஒன்று. குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தத்தில் எடுத்தவருக்கு ஐந்தாண்டு காத்திருக்காமல் பணிக்கொடை உண்டு என்கிறது இன்னொன்று. ஓராண்டுப் பணி போதும் என்று ஒன்றிய அரசு விளக்குகிறது. நம்மிடம் இருப்பதோ 11 மாத ஒப்பந்தம்! ஆண்டில் 240 நாள் வேலை செய்தாலே ஓராண்டுத் தொடர்ச்சி என்று வாதிட இடம் இருக்கிறது, ஆனால் மறுபடியும் வாதிடுகிற இடம் நீதிமன்றம்தான். மாநில விதிகளில் ஒரே ஒரு வாக்கியம் இந்தச் சுற்றை அறுத்துவிடும்: கல்வியாண்டு விடுமுறையால் வரும் இடைவெளி பணிமுறிவு ஆகாது. இறப்புக் காப்பீட்டில் இதற்கு ஏற்கெனவே ஒரு முன்மாதிரி இருக்கிறது. இரண்டு நிறுவனங்களுக்கு இடையே இரண்டு மாதம் வரை இடைவெளி விழுந்தாலும் பணி தொடர்ந்ததாகவே கொள்ளலாம் என்று வைப்பு நிதியின் மத்திய அறங்காவலர் குழு 2025 பிப்ரவரியில் முடிவு செய்தது. இரண்டு நிறுவனங்களுக்கு இடையே பொருந்துகிற நியாயம் ஒரே கல்லூரியின் ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையே ஏன் பொருந்தாது?

ஒவ்வொரு கோடையிலும் துறைத் தலைவர்கள் அடுத்த ஆண்டுக்கான தேவைப் பட்டியலை முதல்வருக்கு அனுப்புகிறார்கள். எந்தப் பாடம், வாரத்துக்கு எத்தனை மணி, எத்தனை பேர் என்று பத்திகள் இருக்கும். இந்த முறை வலது ஓரத்தில் கையாலேயே ஒரு கோடு கிழித்து இன்னொரு பத்தி சேர்த்து அனுப்பலாம்: பங்களிப்புத் தொகை. அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, ஸ்கேலும் பேனாவும் எல்லா மேசையிலும் இருக்கின்றன. அந்தப் பத்தியை யாராவது வெட்டி எறிய வேண்டுமென்றால், வெட்டியவர் பெயரும் கையெழுத்தும் தேதியும் அந்தக் கோப்பில் இருக்கும்.